மதினிக்கு ஒரு வட்டிச் சலுகை

1

நெதர்லாந்தில் மார்ச் மாதம் பிறந்துவிட்டால் எல்லோரையும் இரண்டு உபாதைகள் பிடித்துக்கொள்ளும். ஒன்று, காற்றில் பூந்தாது பறப்பதால் வரும் தும்மல். இன்னொன்று, வருமானவரிக் கணக்கு. தும்மலுக்காவது மாத்திரை உண்டு.

நாங்கள் இருப்பது ஐந்தோவன் நகரத்தில். கணவர் செல்வம் தூத்துக்குடிக்காரர்; இங்கே ஓர் இயந்திரத் தொழிற்சாலையில் பொறியாளர். நான் கட்டுப்பல் செய்யும் ஒரு சிறிய கூடத்தில் வேலை பார்க்கிறேன். பாளையங்கோட்டையில் வேதியியல் படித்தவள் வெள்ளைக்காரர்களின் கடைவாய்ப்பல்லுக்கு நிறம் பொருத்திக்கொண்டிருக்கிறாள் என்பதை எங்கள் அப்பாவால் இன்னும் நம்ப முடியவில்லை. "பல்லுன்னா வெள்ளைதானட்டி, அதுல என்ன நிறம் பாக்க வேண்டிக் கெடக்கு?" என்பார்.

என் பெயர் காந்திமதி. இங்கே எல்லோருக்கும் 'காந்தி'. புதிதாகப் பார்ப்பவர்கள் ஒரு நொடி மரியாதையாக நின்று, "உறவா?" என்று கேட்பார்கள். திருநெல்வேலிப் பெண்களில் பாதிப்பேருக்கு அம்மன் பெயர்தான் என்று விளக்க ஆரம்பித்தால் பொழுது போய்விடும். அதனால் "தூரத்து உறவு" என்று சொல்லிவிடுவேன்.

ஒரு வெள்ளிக்கிழமை மதியம், எங்கள் கூடத்துச் சாப்பாட்டு மேசையில் எல்லோரும் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் தின்றுகொண்டு வரிக் கணக்கைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்கடனுக்குக் கட்டும் வட்டியை வருமானத்திலிருந்து கழித்துக்கொண்டு, மிச்சத்துக்கு வரி கட்டினால் போதும் என்பது இந்த நாட்டில் சொந்த வீட்டுக்காரர்களுக்கு உள்ள சலுகை. அதை எடுத்துவிட வேண்டும் என்று தேர்தல் வந்தால் சில கட்சிகள் கிளம்பும். தொட்டால் தெரியும் சேதி என்று சில கட்சிகள் மறிக்கும். சண்டை முடிந்ததும் அவரவர் வீட்டுக்குப் போய் அவரவர் வட்டியைக் கழித்துக்கொள்வார்கள். எனக்கும் அந்தப் பேச்சில் கலந்துகொள்ள ஆசை வந்தது. தெரிந்த டச்சில் உரக்கச் சொன்னேன்: "நாளைக்குக் காலையில் நானும் என் வீட்டுக்காரரும் சேர்ந்து உட்கார்ந்து கழிக்கப் போகிறோம்."

மேசையில் மெல்லும் சத்தம் நின்றது.

கழிப்பதற்கு டச்சில் உள்ள வினைச்சொல் பொல்லாதது. எதைக் கழிக்கிறோம் என்று சேர்த்துச் சொன்னால் அது வரிக் கணக்கு. சேர்க்காமல் தனியே விட்டால் அது வேறு. அந்த வேறு என்ன என்று எழுதினால், எங்கள் அப்பா இந்தப் பத்திரிகையைப் பொட்டலம் மடிக்கக்கூட வாங்கமாட்டார். எதிரே இருந்த மார்யான் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வட்டியை என்று சொல்லு காந்தி. தயவுசெய்து வட்டியை என்று சொல்லு."

வட்டியைத்தான் என்றேன். சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. அன்று மாலை நான் புறப்படும்போது, "நாளைக்கு நல்லபடியாக நடக்கட்டும்" என்று ஒருவர் விடாமல் வாழ்த்தி அனுப்பினார்கள்.

2

மறுநாள் காலையில் அந்தச் சடங்கு நடந்தது. செல்வம் கணினி முன்னால் உட்கார்ந்தார். நான் பக்கத்தில். எங்கள் மகள் இனியா, பன்னிரண்டு வயது, எங்களுக்குப் பின்னால் நின்று மொழிபெயர்த்தாள். அவளுக்கு டச்சு தாய்மொழி மாதிரி. தமிழ்தான் தாயின் மொழி.

இந்த நாட்டு வரித்துறையின் கற்பனை வளத்தைப் பாராட்டியே ஆக வேண்டும். நம் வீட்டில் நாமே குடியிருப்பது நமக்கு ஓர் ஆதாயமாம். ஆகவே வீட்டு மதிப்பில் ஒரு சிறு பங்கை, நமக்கு நாமே கொடுத்த வாடகை போல, முதலில் வருமானத்தில் கூட்டிவிடுகிறார்கள். அதற்கப்புறம்தான் நிஜ வட்டியைக் கழிக்க விடுகிறார்கள். நான் எனக்கே கொடுக்காத வாடகையை நானே வாங்கிக்கொண்டதற்கு வரி. முதல் வருடம் இதைக் கேட்டுவிட்டு, "அப்போ வாடகை பாக்கின்னு நம்மளயே காலி பண்ணச் சொல்லலாமா?" என்று கேட்டேன். செல்வம் அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டார்.

கடைசிப் பக்கத்தில் ஒரு கேள்வி வரும். இனியா வாசித்தாள்: "வட்டியை ரெண்டு பேரும் எப்படிப் பிரிச்சுக்கறீங்க? அம்மாவுக்கு எவ்வளவு, அப்பாவுக்கு எவ்வளவு?"

இஷ்டம்போல் பிரிக்கலாம். யார் பக்கம் தள்ளினால் லாபமோ அந்தப் பக்கம் தள்ளலாம். ஏனென்றால் வீடும் இருவருடையது, கடனும் இருவருடையது. வீடு வாங்கிய அன்று பத்திரத்தை வாசித்த அதிகாரி, செல்வத்தை அப்படியே விட்டுவிட்டு என் பக்கம் திரும்பி, "கடனில் நீங்களும் உண்டு, வீட்டில் பாதி உங்களுடையது. புரிந்துதான் கையெழுத்துப் போடுகிறீர்களா?" என்று கேட்டது நினைவுக்கு வந்தது. எனக்கு டச்சு போதாது என்று ஒரு மொழிபெயர்ப்பாளரை எங்கள் செலவிலேயே உட்கார வைத்து, அதை ஆங்கிலத்திலும் கேட்க வைத்தார்கள். நான் இரண்டு மொழியிலும் தலையாட்டினேன். செல்வத்தை யாரும் எதுவும் கேட்கவில்லை. அவர் தண்ணீர் குடித்தார்.

கணக்கை அனுப்பிவிட்டு எழுந்திருக்கும்போது மதினியிடமிருந்து அழைப்பு வந்தது.

3

மதினி என்றால் என் அண்ணன் இசக்கியின் மனைவி செண்பகவல்லி. பாளையங்கோட்டையில் ஒரு பெண்கள் பள்ளியில் பிளஸ் டூ மாணவிகளுக்கு வணிகவியல் நடத்துகிறாள். அண்ணன் ஒரு பம்ப் செட் நிறுவனத்தில் விற்பனைப் பிரிவில் இருக்கிறான். பாதி நாள் பைக்கில், மீதி நாள் போனில். அம்மா காலமான பிறகு இருவரும் அப்பாவோடுதான், வண்ணார்பேட்டையில் எங்கள் எவர்சில்வர் பாத்திரக்கடைக்கு மேல் மாடியில் இருக்கிறார்கள். கடை வளர வளரச் சரக்கு மாடிப்படி ஏறியது. இப்போது படுக்கையறை வரை இட்லிக் கொப்பரைகள் வந்துவிட்டன.

"பெருமாள்புரத்துல ஒரு வீடு அமஞ்சிருக்கு காந்தி" என்றாள் மதினி. "கட்டுன வீடு. விக்கிறவங்க கோயம்புத்தூருக்குப் போறாங்க. அட்வான்ஸ் குடுத்தாச்சு."

"நல்ல விஷயம்லா மதினி! ஏன் குரல் ஒரு மாதிரி இருக்கு?"

"பேங்க்ல ஒருத்தர் சம்பளத்துக்கு அவ்வளவு கடன் தரமாட்டாங்களாம். அதனால கடன்ல என்னையும் சேத்திருக்காங்க. அட்வான்ஸுக்கு என் நகை போயிருக்கு. ஆனா பத்திரம் உங்க அண்ணன் பேர்ல மட்டும்தானாம். மாமா சொல்லிட்டாங்க."

"அண்ணன் என்ன சொல்லுதான்?"

"அவிய என்ன சொல்லுவாவ? அப்பா சொன்னா சரிதான்னுட்டாவ." கணக்கை முடிப்பதுபோலச் சொன்னாள்: "கடன்ல நான் இருக்கேன் காந்தி. வீட்டுலதான் இல்ல."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் ஏதாவது சமாதானம் சொல்லியிருப்பேன். அழாததால், சற்று முன் நடந்த எங்கள் வீட்டுக் கூத்தைச் சொன்னேன். இருவர் பெயரிலும் வீடு, இருவர் பெயரிலும் கடன், வட்டிச் சலுகையைப் பங்கு போட்டது.

மதினி எல்லாவற்றையும் இன்னொரு முறை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டாள்.

"மே மாசம் லீவுக்கு வருதீங்கள்லா?" என்றாள் மதினி. "இதை உங்க அப்பா முன்னால இப்படியே சொல்லுதியா?"

4

நெதர்லாந்துப் பள்ளிகளுக்கு மே மாதம் ஒரு விடுமுறை உண்டு. நெல்லைக்குப் போக அதைவிட மோசமான காலம் கிடையாது. செல்வத்துக்கு விடுப்பு கிடைக்காததால் நானும் இனியாவும் மட்டும் போனோம். வண்ணார்பேட்டையில் இறங்கியதும் இனியா, யாரோ அடுப்புக் கதவைத் திறந்துவிட்டதைப் போல முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அப்பா கடை வாசலில் நின்றிருந்தார். நாற்பது வருடமாக அந்த வட்டாரத்துக்கு அவர் 'பாத்திரக்கடை அண்ணாச்சி'. பேரம் பேச வருகிறவர்களிடம் ஒரு பைசா குறைக்கமாட்டார். ஆனால் தனக்கு வரவேண்டிய தள்ளுபடியில் ஒரு பைசா குறைந்தாலும் மொத்த வியாபாரியின் ஊர் வரைக்கும் பஸ் ஏறிவிடுவார்.

மறுநாள் மதியம் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தோம். நான் பேச்சை எடுக்கும் முன்னாலேயே இனியா எடுத்துவிட்டாள். அவள் தமிழ் வாட்ஸப்பில் வளர்ந்தது. சுற்றி வளைக்கத் தெரியாது.

"தாத்தா, யாரு வீடு வாங்குறா?"

"ஒங்க மாமாதான்."

"மாமா மட்டுமா? அத்தை காசு குடுக்கலையா?"

"குடுக்கா, குடுக்கா. நீ அந்தக் கூட்டை எடுத்து வச்சுச் சாப்பிடு."

"அத்தை, உங்க சம்பளம் எவ்வளவு?"

டச்சுக்காரர்கள் வெடுக்கென்று பேசுவார்கள்தான். ஆனால் அவர்கள்கூடச் சம்பளத்தைக் கேட்கமாட்டார்கள். இரண்டு ஊர் மரியாதைக்கும் நடுவில் வளரும் பிள்ளைக்கு இரண்டுமே பிடிபடாது போலிருக்கிறது. மதினி சோற்றைப் பிசைந்துகொண்டே தொகையைச் சொன்னாள்.

"மாமா, உங்களுக்கு?"

அண்ணன் தொண்டையைச் செருமினான். "கமிஷனோட சேத்தா..."

"சேக்காம?"

அண்ணன் சொன்னான். மதினியுடையதைவிடக் குறைவு. அப்பா ரசத்தை ஊற்றச் சொன்னார்.

இதுதான் சமயம் என்று நான் நியாயம் பேச ஆரம்பித்தேன். அவள் நகை, அவள் சம்பளம், அவள் பெயர் எங்கே என்று கேட்டேன். அப்பாவின் தொழிலையே எடுத்து அவர்மேல் எறிந்தேன்.

"எப்பா, சீர்ப் பாத்திரம் வாங்குதவங்ககிட்ட நீங்க என்ன சொல்லுவீங்க? பொண்ணு பேரு வெட்டாம ஒரு டம்ளர்கூட வெளிய போகக்கூடாதுன்னு சொல்லுவீங்கள்லா? டம்ளருக்குப் பேரு வெட்டுவீங்க, வீட்டுக்கு வெட்ட மாட்டீங்களா?"

"டம்ளர் தொலஞ்சா இன்னொண்ணு வாங்கிக்கிடலாம்" என்றார் அப்பா. குரல் உயரவில்லை. "ஒங்க சித்தப்பன் கதை தெரியும்லா? ஆழ்வார்குறிச்சியில அவன் ஆசை ஆசையா வாங்குன வயலை பொண்டாட்டி பேர்ல எழுதுனான். ரெண்டு வருசத்துல அவ அண்ணன் தம்பிய வந்து உழுதானுவ. இவன் வரப்புல நின்னு பாத்தான். அவன் செத்தப்போ காரியம் பண்ண நான்தான் துட்டு குடுத்தேன். செண்பகத்தை நான் ஒண்ணும் சொல்லல. அவ தங்கமான பிள்ள. ஆனா பத்திரம்னு வந்தா எனக்கு வரப்புதான் ஞாபகம் வருது."

சித்தப்பா வரப்பில் நின்றதைச் சிறுவயதில் நானும் பார்த்திருக்கிறேன். அப்பாவைத் திட்டுவதற்கு நான் சேர்த்து வைத்திருந்த வார்த்தைகளெல்லாம் அன்றைக்கு உதவவில்லை.

5

மறுநாள் காலை மதினி, "ஆத்துக்குப் போயிட்டு வாரோம் மாமா" என்று சொல்லி என்னையும் இனியாவையும் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டாள். மூன்று பேர் போவது சட்டப்படி தப்பு என்று இனியா ஆற்றங்கரை வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தாள்.

கோடையில் தாமிரபரணி முழங்கால் ஆழத்துக்குச் சுருங்கியிருந்தது. இனியா முதலில் தண்ணீரைச் சந்தேகமாகப் பார்த்தாள். அடிமட்டம் தெரிகிறதா, மீன் கடிக்குமா, பரிசோதனை செய்திருக்கிறார்களா என்று கேட்டுவிட்டு, அப்புறம் எருமை மாதிரி உள்ளே படுத்துக்கொண்டு எழுந்திருக்க மறுத்துவிட்டாள். நாங்கள் படியில் உட்கார்ந்து தலைக்கு அரப்பு தேய்த்தோம்.

"நியாயம் பேசாத காந்தி" என்றாள் மதினி. "மாமாவுக்கு நியாயம் பிடிக்காதுன்னு இல்ல. அவங்ககிட்ட அதுக்கு எதிர் நியாயம் ஒண்ணு இருக்கு. அதுவும் நிஜமான நியாயம். நாம அதை ஜெயிக்க முடியாது."

"பின்ன என்ன செய்யச் சொல்லுதீங்க?"

"அன்னைக்கு போன்ல சொன்னியே, அதைச் சொல்லு. இங்கயும் சட்டம் இருக்கு. பத்திரத்துலயும் கடன்லயும் ரெண்டு பேரும் இருந்தா, வட்டிக்கு ரெண்டு பேரும் தனித்தனியாச் சலுகை கேக்கலாம். பத்திரத்துல பேரு இல்லாதவ கடன் கட்டினாலும் கேக்க முடியாது."

"அப்படியா! இதை நீங்களே சொல்லலாம்லா மதினி? வணிகவியல் டீச்சர். அண்ணனோட வரிக் கணக்கையே நீங்கதான போட்டு அனுப்புதீங்க?"

மதினி அரப்புக் கையோடு என்னைப் பார்த்தாள்.

"நான் சொன்னா, இவ பேரைப் போட இவளே வழி சொல்லுதாம்பாங்க. நீ சொன்னா அது வெளிநாட்டுச் சரக்கு."

6

அன்று சாயங்காலம் கடையில் கூட்டம் குறைந்த நேரம். அப்பா கல்லாவில் இருந்தார். அண்ணன் அப்போதுதான் தென்காசிப் பக்கம் போய்விட்டு வந்து ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டிருந்தான். மதினி ஒரு மூலையில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள், நிமிரவே இல்லை.

நான் ஊர்க்கதை போல ஆரம்பித்தேன். எங்கள் ஊரில் அரசாங்கம் வட்டிக்குச் சலுகை தருகிறது, நாங்கள் இருவரும் பங்கு போட்டு வாங்குகிறோம் என்றேன். கற்பனை வாடகையை விட்டுவிட்டேன். அதைச் சொன்னால் அப்பா அடுத்த விமானத்தில் போய் வரித்துறையிடம் சண்டை போடுவார்.

"இங்கன அப்படில்லாம் கெடையாதுலா?" என்றார் அப்பா.

"இங்கயும் உண்டுப்பா. ரெண்டு பேரு பத்திரத்துல இருந்தா ரெண்டு பேருக்கும் தனித்தனியா உண்டு."

அப்பாவின் கை கல்லாப்பெட்டியின் மேல் நின்றது. "ரெண்டு பேருக்குமா?"

"ரெண்டு பேருக்கும்."

"இசக்கி பேரு மட்டும் இருந்தா?"

"அண்ணனுக்கு மட்டும். மதினி கட்டுத வட்டிக்கு ஒண்ணும் கெடையாது."

அப்பா எழுந்துவிட்டார். "அப்போ அவ கட்டுத வட்டிக்குக் கெடைக்க வேண்டிய தள்ளுபடி?"

"போச்சு."

"போச்சுன்னா?"

"அரசாங்கமே வச்சுக்கிடும்."

அப்பா கடையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்தார். குடம் ஒன்றைத் தூக்கிப் பார்த்து, வைத்தார். எனக்குச் சித்தப்பாவின் வரப்பு கண்ணுக்குத் தெரிந்தது, அப்பாவுக்கும் தெரிந்திருக்கும். வரப்பும் தள்ளுபடியும் அவருக்குள் கட்டிப்புரண்டுகொண்டிருந்தன.

"ஏலே இசக்கி, இது ஒனக்குத் தெரியுமாலே?"

"எனக்கு எங்கப்பா தெரியும்? என் கணக்கெல்லாம் இவதான் பாக்கா." அண்ணன் மதினி பக்கம் திரும்பினான். "ஏட்டி, காந்தி சொல்லுதது நெசமா?"

மதினி சிவப்பு மையால் யாருக்கோ மதிப்பெண் போட்டுவிட்டுத்தான் நிமிர்ந்தாள். "சட்டத்துல அப்படித்தான் இருக்கு."

அவ்வளவுதான் சொன்னாள். மறுபடியும் குனிந்துகொண்டாள்.

அப்பா கல்லாவில் வந்து உட்கார்ந்தார். "சர்க்கார் குடுக்குததை வேண்டாங்கதுக்கு நாம என்ன ஜமீனா?" என்றார் பொதுவாக. "பத்திரம் எழுதுதவனுக்கு போன் போடுலே. இன்னும் டைப் அடிக்காம இருந்தா பைய அடிக்கச் சொல்லு."

7

பத்திரப்பதிவு அன்று பாளையங்கோட்டையில் வெயில் உச்சந்தலையில் ஆணி அடித்தது. பதிவு அலுவலக வாசலில் வேப்பமரத்தடியில் பாதி ஊர் காத்திருந்தது. கணினி சில நேரம் வேலை செய்தது, சில நேரம் யோசித்தது. இனியா வரிசை எங்கே ஆரம்பிக்கிறது என்று தேடித் தேடிக் களைத்து, வரிசை என்பது இங்கே ஓர் எண்ணம் மட்டும்தான் என்ற முடிவுக்கு வந்தாள்.

"அம்மா, எந்த வீட்டுல என் பேரு இருக்கும்?" என்று கேட்டாள்.

"ஏன், அங்கே நம்ம வீடு உனக்குத்தானே?"

"எனக்கு வேண்டாம். நான் ஆம்ஸ்டர்டாம்ல வாடகைக்கு இருப்பேன்."

அப்பா இதைக் கேட்டுவிட்டார். வெயிலில் நின்றபோது வராத மயக்கம் அப்போது வந்தது. "வாடகைக்கா!" என்று வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டார். இவள் எங்களைவிட்டு எத்தனை தூரம் போய்விட்டாள் என்று எனக்கும் சுருக்கென்றது. ஆனால் தாத்தாவுக்கு விசிறியது அவள்தான், பத்திர நகலை மடித்து வைத்துக்கொண்டு. அதைப் பார்த்ததும் கொஞ்சம் ஆறியது.

பெயர் கூப்பிடும் நேரத்தில் ஒரு சிக்கல். பத்திர எழுத்தர் நீட்டிய தாளில் 'செம்பகவள்ளி' என்று இருந்தது. எழுத்தர் அலட்டிக்கொள்ளவில்லை.

"ரெண்டு எழுத்துதான அண்ணாச்சி. ஆதார் நம்பர் சரியா இருக்கு. பின்னால திருத்திக்கிடலாம்."

இன்று பதியாமல் போனால் இனி என்றைக்கு வருவோமோ என்று எனக்குப் பயம். மதினி "பரவால்ல மாமா" என்றாள். ஆனால் நாற்பது வருடம் பாத்திரத்தில் பெயர் வெட்டிக் கொடுத்தவருக்குப் பொறுக்கவில்லை.

"என்னவே பேசுதீரு? எம் மருமவ பேரு செண்பகவல்லி. மூணுசுழி ண, சின்ன ல. தப்பும் தவறுமா எழுதுன பேருக்கு யாரு வே பாத்தியதை? போயி வேற அடிச்சுட்டு வாரும். நாங்க நிக்கோம்."

நின்றோம். எழுத்தர் வேறு அடித்துக்கொண்டு வந்தார். அப்பா கண்ணாடியைப் போட்டு ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே அனுப்பினார். மதினி கேமராவைப் பார்த்தாள், விரலை வைத்தாள், கையெழுத்துப் போட்டாள். உள்ளே இருந்த அம்மாள், "புரிஞ்சுதான போடுறீங்க?" என்று வாய்வார்த்தையாகக் கேட்டார்.

"புரியுது" என்றாள் மதினி. பள்ளிக்கூடத்தில் வருகை சொல்வதுபோலத் தெளிவாக.

8

எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று நான் ஐந்தோவனுக்குத் திரும்பிவிட்டேன். ஆவணியில் பால் காய்ச்சினார்கள், வீடியோவில் பார்த்தோம். அப்பா கடை மாடியிலேயே இருந்துகொண்டு, ஞாயிற்றுக்கிழமை மட்டும் அங்கே சாப்பிடப் போனார். பொங்கல் கழிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் கூப்பிட்டான். எடுத்த எடுப்பில் சத்தம்.

"ஏட்டி காந்தி! எங்கட்டி ஒன் சலுகை?"

நடந்தது இது. வருடக் கடைசியில் அண்ணனின் அலுவலகத்தில் வரிக்கான காகிதங்களைக் கேட்டிருக்கிறார்கள். அண்ணன் வங்கியில் வட்டிச் சான்றிதழ் வாங்கி, பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, கணக்காளர் மேசையில் கொண்டுபோய் வைத்திருக்கிறான். அவர் உறையைத் திருப்பித் தந்துவிட்டார். இப்போது வரிக்குப் புதிய முறை, பழைய முறை என்று இரண்டு இருக்கிறதாம். வட்டிச் சலுகையெல்லாம் பழைய முறையில்தான். குடியிருக்கும் வீட்டுக்குப் புதிய முறையில் கிடையாது. அண்ணன் இருப்பது புதிய முறையில். சரி, பழையதுக்கு மாற்றிக்கொள்ளலாமே என்றால், புதிய முறையில் அவன் சம்பளத்துக்கு வரியே வரவில்லையாம்.

"'வரியே இல்லாதவருக்கு எதுக்கு சார் வரிச்சலுகை'ன்னு கேக்கான். எல்லாரும் சிரிக்கானுவ. இவளுக்கும் அதே கதைதானாம். ரெண்டு பேருக்கும் பைசா வரி கெடையாது, பைசா சலுகையும் கெடையாது!"

"அப்பாகிட்ட சொல்லிட்டியா?"

"சொல்லாம? நேரா பத்திர எழுத்தர்கிட்ட போயிட்டாரு. பேரை எடுக்க முடியுமான்னு கேட்டிருக்காரு. எடுக்கணும்னா விடுதலைப் பத்திரம் எழுதணுமாம். அதுக்கு முத்திரைத்தாள் செலவு, பதிவுச் செலவு. பேங்க்ல அடமானம் இருக்கதுனால அவங்க சம்மதம் வேற வேணும். கடன் முடியாம குடுக்க மாட்டாங்களாம். எல்லாத்துக்கும் மேல, இவளே வந்து கையெழுத்துப் போடணுமாம்."

"அப்பா என்ன சொன்னாரு?"

அண்ணன் கொஞ்சம் தணிந்தான். "'துட்டு செலவழிச்சுப் பேரை எடுக்கணுமாக்கும்? சவத்தை, கெடக்கட்டும் விடு'ன்னுட்டாரு."

அவன் போனை வைத்ததும் மதினியைக் கூப்பிட்டேன். பின்னணியில் குக்கர் சத்தம் கேட்டது. அவள் சொந்த வீட்டு அடுப்படி.

"மதினி, உங்களுக்கு முன்னாலயே தெரியுமா?"

"என்னது?"

"வரியே வராதுன்னு."

"நான்தான காந்தி ரெண்டு பேர் கணக்கையும் போடுதேன்."

"அப்போ அன்னைக்குக் கடையில..."

"நான் என்ன பொய்யா சொன்னேன்? சட்டத்துல அப்படித்தான் இருக்குன்னேன். இப்பமும் இருக்கு, போய்ப் பாரு. உங்களுக்கு அது உண்டான்னு யாராச்சும் என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டாங்களா? கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

உண்மைதான். அப்பா என்னைக் கேட்டார். நான் ஐந்தோவனைச் சொன்னேன். ஊரிலேயே இதைப் பாடமாக நடத்துகிறவள் மூலையில் உட்கார்ந்திருந்தாள். இது நமக்குப் பொருந்துமா என்று அவளிடம் கேட்கவேண்டும் என எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. இரண்டு மொழியில் தலையாட்டி வீடு வாங்கிய எனக்கும்கூட.

"கேட்டிருந்தா நிஜமாச் சொல்லியிருப்பீங்களா?"

குக்கர் ஒரு விசில் அடித்து முடியும்வரை மதினி காத்திருந்தாள்.

"கேக்க மாட்டாங்கன்னு தெரியும்" என்றாள்.

அப்பா அதற்கப்புறம் இரண்டு ஞாயிற்றுக்கிழமை பெருமாள்புரம் பக்கமே போகவில்லை. கடையில் சரக்கு எடுக்கிறேன் என்று சாக்குச் சொன்னார். மூன்றாவது ஞாயிறு, மீன் குழம்பு என்று தெரிந்ததும் வந்துவிட்டார். வந்தவர் வாசலிலேயே நின்றுகொண்டார். செருப்பைக் கழற்றவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, வீட்டை மேலும் கீழும் பார்த்துவிட்டு, உள்ளே பார்த்துக் குரல் கொடுத்திருக்கிறார்.

"வீட்டுக்காரம்மா! உள்ள வரலாமா?"

மதினி கரண்டியோடு எட்டிப் பார்த்தாள்.

"பாதி வரைக்கும் வாங்க மாமா. மீதிக்கு உங்க மகன்கிட்ட கேட்டுக்கோங்க."

அப்பா சிரித்த சிரிப்பில் எதிர்வீட்டு நாய் குரைத்ததாம். அன்று மதியம் இரண்டு முறை குழம்பு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, கூடத்து விசிறிக்குக் கீழே, யார் பாதி என்று பார்க்காமல், சாயங்காலம்வரை தூங்கிவிட்டுப் போனார்.